ஆறு மணி அப்டேட் ஆறு மணிக்கு ஓடாதது ஏன்? லினக்ஸ் டைமர் தாமதத்துக்கு எல்லை போட முழுமையான வழிகாட்டி

உபுண்டு, டெபியன் மெஷின்களில் தானியங்கி அப்டேட்டை ஆன் செய்தவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது இதைத்தான்: "ஃபைல்ல காலை ஆறு மணின்னு இருக்கு, ஒரு மெஷின்ல ஆறே காலுக்கு ஓடுது, இன்னொண்ணுல மத்தியானம் ஓடுது, ஏன்ணா?" தர்மபுரியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர்களும் சரி, கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் சரி, இதைப் பழுது என்று நினைத்துத் தாமதத்தைப் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். உண்மையான தொல்லை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

அந்தத் தாமதம் வேண்டுமென்றே வைத்தது. ஒகேனக்கல் தண்ணீர் விடும் நேரத்தில் தெருவில் எல்லா வீட்டிலும் ஒன்றாக மோட்டார் போட்டால் கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். உலகம் முழுக்க உள்ள மெஷின்கள் சரியாக ஆறு மணிக்கு மிரர் சர்வரை (அப்டேட் ஃபைல்களின் நகலை வைத்திருக்கும் சர்வர்) தட்டினாலும், உங்கள் அறையில் உள்ள இருபது மெஷின்கள் ஒரே ஃபைபர் லைனைப் பிடித்து இழுத்தாலும் அதே கதிதான். கணக்குப் போட்டே பாருங்கள்: ஒரு மெஷினுக்கு 300 எம்பி அப்டேட் என்று வைத்தால் இருபதுக்கு 6 ஜிபி. 50 எம்பிபிஎஸ் லைனில், எல்லாம் சரியாகப் போனாலே, பதினாறு நிமிடம் வேறு யாருக்கும் நெட் கிடையாது. ஆகவே தாமதம் இருக்கட்டும். அது எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று நாம் எல்லை போடுவோம். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை வைத்துத்தான் நடக்கிறது.

1. கை வைக்கும் முன் என்னென்ன வேண்டும்

சூடோ உரிமை (அட்மின் உரிமை) உள்ள லாகின் வேண்டும். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களையும் டைமர்களையும் நடத்தும் அடிப்படை மென்பொருள்) ஓடுகிற மெஷினாக இருக்க வேண்டும், இன்றைய உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாம் அப்படித்தான். "சிஸ்டம்சிடிஎல் --வெர்ஷன்" அடித்து வருகிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உபுண்டு 20.04-ல் 245 வரும், டெபியன் 11-ல் 247, உபுண்டு 22.04-ல் 249. இந்த எண் ஐந்தாவது படியில் தேவைப்படும்.

அடுத்து ஒரு பேப்பர். ஒவ்வொரு மெஷினும் எப்போது ஆன் ஆகிறது, எப்போது அணைக்கிறார்கள், எந்த நேரத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், எந்த நேரத்தில் யாரும் தொடுவதில்லை என்று எழுதுங்கள். புதிதாக வருகிறவர்கள் இதை விட்டுவிட்டு நேராக ஃபைலைத் திறக்கிறார்கள், அப்புறம் எந்த நேரம் போடுவது என்று தெரியாமல் வாய்க்கு வந்த எண்ணைப் போடுகிறார்கள்.

கமாண்டுகளை இங்கே வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைக்கோடு இருக்கும் இடத்தில் இடைக்கோடு போட்டு அடியுங்கள். டைமர் ஃபைலுக்குள் வரும் ஆன்கேலண்டர் (ஓடும் நேரம்), ரேண்டமைஸ்ட்டிலேசெக் (ரேண்டம் தாமதத்தின் அளவு) போன்றவற்றில் மட்டும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. எழுத்து மாறினால் சிஸ்டம்டி அந்த வரியை ஏற்காது. லாகில் (மெஷினின் பதிவேட்டில்) ஒரு எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டு மேலே போய்விடும், திரையில் ஒன்றும் தெரியாது.

2. மெஷினின் கடிகாரம் எந்த ஊர் நேரத்தில் ஓடுகிறது

"டைம்டேட்சிடிஎல்" என்று மட்டும் அடியுங்கள். டைம் ஜோன் என்ற வரியில் ஏஷியா/கொல்கத்தா என்று இருந்தால் சரி. வாடகைக்கு எடுத்த கிளவுட் மெஷின்களில் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று இருக்கும், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அங்கே காலை 6:00 என்றால் நமக்குக் காலை 11:30. அதோடு ஒரு மணி நேர ரேண்டம் தாமதமும் சேர்ந்தால் 12:30 வரை எப்போது வேண்டுமானாலும் அப்டேட் பாயும். பில்லிங் மும்முரமாக நடக்கும்போது டேட்டாபேஸ் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது என்று தவிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.

மாற்றுவதற்கு "சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஜோன் ஏஷியா/கொல்கத்தா". ஏ-வும் கே-வும் பெரிய எழுத்து. அந்த சர்வரின் லாகுகளை வேறு யாராவது யூடிசி கணக்கில் படித்துக்கொண்டிருந்தால் மாற்ற வேண்டாம், டைமர் வரியின் கடைசியில் ஏஷியா/கொல்கத்தா என்று சேர்த்தாலே அந்த டைமர் மட்டும் நம் நேரத்துக்கு ஓடும்.

3. இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்

"சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் --ஆல்" அடித்தால் ஒரு பட்டியல் வரும். நெக்ஸ்ட் என்ற பத்தியில் அடுத்து ஓடப்போகும் நேரம், லாஸ்ட் என்ற பத்தியில் கடைசியாக ஓடிய நேரம். அதில் ஆப்ட்-டெய்லி, ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் என்று இரண்டு டைமர்கள் இருக்கும், அவைதான் நமக்கு வேண்டியவை.

நெக்ஸ்ட் பத்தியில் காட்டுகிற நேரத்தில் ரேண்டம் தாமதம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதனால்தான் அது 6:00 என்று இல்லாமல் 6:37 என்ற மாதிரி ஒற்றைப்படையாக நிற்கிறது. இதைப் பார்த்தவுடன் பாதிப் பேருக்குச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

4. டைமர் இரண்டு, வேலையும் இரண்டு

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். தடுமாறுகிறவர்களில் அதிகம் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

"சிஸ்டம்சிடிஎல் கேட் ஆப்ட்-டெய்லி.டைமர்" அடியுங்கள். ஒரு நாளைக்கு 6 மணி, 18 மணி என்று இரண்டு வேளை, தாமதம் 12 மணி நேரம் என்று இருக்கும். ஆறோடு பன்னிரண்டைக் கூட்டினால் மாலை ஆறு, பதினெட்டோடு பன்னிரண்டைக் கூட்டினால் மறுநாள் காலை ஆறு. ஆக இந்த டைமருக்கு நாள் முழுக்க எந்த நிமிடமும் ஓடும் நேரம்தான். இதன் வேலை பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிப்பது, செட்டிங்கில் சொல்லியிருந்தால் பேக்கேஜ்களை இறக்கி வைப்பது. எதையும் இன்ஸ்டால் செய்யாது.

அதே மாதிரி "சிஸ்டம்சிடிஎல் கேட் ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமர்" பாருங்கள். காலை 6 மணி, தாமதம் 60 நிமிடம். இன்ஸ்டால் நடப்பது இதில்தான். அதாவது நாள் முழுக்கப் பரவலாக இறக்கிக்கொள், காலையில் குறுகிய நேரத்தில் இன்ஸ்டால் செய் என்பதுதான் இதை அமைத்தவர்களின் திட்டம்.

இந்தத் திட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கலாம். "/இடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி" ஃபோல்டரில் 20ஆட்டோ-அப்கிரேட்ஸ் என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். அப்டேட்-பேக்கேஜ்-லிஸ்ட்ஸ் 1, அன்அட்டெண்டட்-அப்கிரேட் 1 என்று இரண்டு வரி இருக்கும். டவுன்லோட்-அப்கிரேடபிள்-பேக்கேஜஸ் என்ற வரி பல மெஷின்களில் இருக்காது, இருந்தாலும் 0 என்று இருக்கும். அப்படியானால் முதல் டைமர் எல்லா பேக்கேஜ்களையும் முன்கூட்டி இறக்கி வைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. முன்கூட்டி இறங்காத பேக்கேஜ்கள் இரண்டாவது டைமர் ஓடும்போதுதான் இறங்கும், அதற்குப் பரவல் ஒரே ஒரு மணி நேரம். பன்னிரண்டு மணி நேரப் பரவல் இருந்தும் லைன் ஏன் திணறுகிறது என்று குழம்புகிறவர்கள் இந்த வரியையும் பார்த்துவிடுங்கள். பல மெஷின்கள் ஒரே லைனில் இருக்கும் இடத்தில் இதை "1" என்று மாற்றுங்கள். ஃபைலில் ஏற்கெனவே உள்ள வரிகளின் வடிவத்தை அப்படியே பார்த்து எழுதுங்கள், மேற்கோள் குறிக்குள் எண், கடைசியில் அரைப்புள்ளி. அரைப்புள்ளியை விட்டால் ஆப்ட் கமாண்டே பிழை காட்டி நின்றுவிடும்.

அந்த 1 என்பது "ஒரு நாளைக்கு ஒரு முறை" என்று பொருள். டைமர் ஒரே நாளில் இரண்டாவது முறை ஓடினால், இன்றைய வேலை முடிந்தது என்று குறிப்பைப் பார்த்துவிட்டுச் சில நொடியில் வெளியே வந்துவிடும். அதைத் தோல்வி என்று எண்ணிவிட வேண்டாம்.

5. தாமதம் எப்படிக் கணக்காகிறது

ரேண்டமைஸ்ட்டிலேசெக் என்று கொடுக்கும் அளவுக்குள், பூஜ்யத்தில் இருந்து அந்த அளவு வரை, எல்லா நொடிக்கும் சமமான வாய்ப்பு வைத்து சிஸ்டம்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்து நேரத்தோடு கூட்டுகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்ந்தெடுக்கும். நேற்று 6:12, இன்று 6:48, நாளை 6:03. மெஷினை ரீபூட் செய்தாலோ டைமரை ரீஸ்டார்ட் செய்தாலோ அன்றைய எண்ணும் மாறிவிடும், ஆகவே காலையில் நெக்ஸ்ட் பத்தியில் பார்த்த நேரம் மத்தியானம் வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

தாமதம் முன்னால் போகாது, பின்னால் மட்டும்தான் தள்ளும். 13:00 என்று போட்டால் 12:50-க்கு ஒருபோதும் ஓடாது. இந்த ஒரு விதியை நம்பித்தான் அடுத்த படியின் கணக்கு முழுதும் நிற்கிறது.

இதைத் தவிர அக்யூரசிசெக் என்று இன்னொன்று உண்டு, சொல்லாவிட்டால் ஒரு நிமிடம். சிபியுவை அடிக்கடி எழுப்பாமல் இருக்க, பல டைமர்களை அந்த ஒரு நிமிடத்துக்குள் சேர்த்து ஓட்டும். தாமதத்தை அறவே எடுத்த பிறகும் சில நொடிகள் தள்ளிப் போகிறது என்றால் காரணம் இதுதான். அப்டேட் வேலைக்கு இதைத் தொடவே வேண்டியதில்லை.

பதிப்பு எண் 247 அல்லது அதற்கு மேல் என்றால் ஃபிக்ஸ்ட்ரேண்டம்டிலே என்ற வசதி கிடைக்கும். அதை "ட்ரூ" என்று வைத்தால் மெஷின் ஐடியையும் (ஒவ்வொரு மெஷினுக்கும் உள்ள தனி அடையாள எண்) டைமர் பெயரையும் வைத்து ஒரு தாமதத்தை எடுத்து, தினமும் அதையே பயன்படுத்தும். மெஷினுக்கு மெஷின் வேறு நேரம், ஆனால் ஒரே மெஷினில் என்றும் ஒரே நேரம். பல மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன், ஏனென்றால் "நேற்று எட்டாம் நம்பர் எத்தனை மணிக்கு ஓடியது" என்று தேடாமல் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது, ஒன்பதாவது படியில் வருகிறது.

6. பேப்பரில் நேரத்தைப் பிரியுங்கள்

டவுன்லோட், இன்ஸ்டால், ரீபூட். இந்த வரிசை மாறக்கூடாது, ஒன்று முடிய அடுத்தது தொடங்க வேண்டும். கணக்கு இவ்வளவுதான்: டவுன்லோட் தொடங்கும் நேரம், அதோடு அதிகபட்ச தாமதம், அதோடு மெதுவான நாளில் இறங்க ஆகும் நேரம், மூன்றையும் கூட்டினால் வருவதற்குப் பிறகுதான் இன்ஸ்டால். இன்ஸ்டாலில் இருந்து ரீபூட்டுக்கும் அதே கூட்டல். தாமதத்தின் சராசரியை வைத்துக் கூட்டுகிறவர்கள் உண்டு, வேண்டாம். கடைசி நொடியில்தான் ஓடும் என்று வைத்தே கூட்டுங்கள்.

பகலில் மட்டும் ஓடும் இடம்: காலை ஒன்பதரைக்குத் திறந்து இரவு எட்டுக்கு மூடுகிற தர்மபுரி கம்ப்யூட்டர் சென்டர், மத்தியானம் ஒன்றில் இருந்து இரண்டரை வரை சாப்பாட்டு இடைவேளை என்று வைத்துக்கொள்வோம். டவுன்லோடை 10:00-க்கு வைத்து தாமதம் 2 மணி நேரம் கொடுங்கள். இருபது மெஷின் என்றால் சராசரியாக ஆறு நிமிடத்துக்கு ஒன்று தொடங்கும், வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. இன்ஸ்டாலை 13:00-க்கு வைத்து தாமதம் 30 நிமிடம். பேக்கேஜ்கள் ஏற்கெனவே டிஸ்கில் இருப்பதால் லைன் பயம் இல்லை, அதனால் குறுகிய தாமதமே போதும். இரண்டரைக்குள் முடிந்துவிடும். தானாக ரீபூட் வேண்டாம், இரவு எப்படியும் அணைக்கத்தான் போகிறார்கள்.

அணைக்கும்போது ஒரு விஷயம். இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்தால் பேக்கேஜ்கள் பாதி அமைந்த நிலையில் நிற்கும். அடுத்த முறை எதை இன்ஸ்டால் செய்தாலும் பிழை வரும். "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். மெனுவில் ஷட்டவுன் கொடுத்து, அது முடிந்த பிறகுதான் சுவிட்ச் என்று சென்டரில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

நாள் முழுக்க ஓடும் இடம்: மாங்கூழ் ஃபேக்டரியின் கணக்கு சர்வர் மாதிரி. சீசனில் இரவு ஷிஃப்டும் இருக்கும், லாரிகள் எடைமேடையில் நிற்கும், அப்போது சர்வர் விழுந்தால் வரிசை ரோடு வரை போகும். எடைமேடையில் எந்த நேரம் ஓய்வு என்று அங்கே இருப்பவரிடமே கேளுங்கள், நாமாக அதிகாலைதான் என்று முடிவு கட்ட வேண்டாம். அவர் மூன்று மணி என்றால், டவுன்லோட் 22:00 தாமதம் 3 மணி நேரம், இன்ஸ்டால் 3:00 தாமதம் 30 நிமிடம், ரீபூட் 4:30.

ரீபூட் நேரம் 50அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற ஃபைலில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக்-ரீபூட் வரியை "ட்ரூ" ஆக்கி, ஆட்டோமேட்டிக்-ரீபூட்-டைம் வரியில் "04:30" கொடுங்கள். இரண்டு வரியின் முன்னாலும் இருக்கும் இரட்டைச் சாய்கோட்டை எடுக்க மறக்காதீர்கள், அது இருக்கும் வரை வரி தூங்கிக்கொண்டேதான் இருக்கும். ரீபூட் டைம் கொடுக்காமல் ஆட்டோமேட்டிக் ரீபூட்டை மட்டும் ஆன் செய்தால் இன்ஸ்டால் முடிந்த உடனேயே ரீபூட் ஆகும், அந்த நொடி ரேண்டம் தாமதத்தைப் பொறுத்தது, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இன்னொன்று, இன்ஸ்டால் இழுத்துக்கொண்டு போய் 4:31-க்கு முடிந்தால் ரீபூட் மறுநாள் 4:30-க்குத்தான் நடக்கும். இடைவெளியைத் தாராளமாக விடச் சொல்வது இதனால்தான்.

7. ஓவர்ரைடு (மூல ஃபைலைத் தொடாமல் அதை மாற்றும் தனி ஃபைல்) எழுதுங்கள்

சிஸ்டம்டியின் சொந்த ஃபோல்டரில் உள்ள டைமர் ஃபைலை நேராகத் திருத்தாதீர்கள். ஆப்ட் பேக்கேஜுக்கே அப்டேட் வரும் அன்று உங்கள் திருத்தம் அழிந்துபோகும், யாரும் சொல்லவும் மாட்டார்கள். "சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் ஆப்ட்-டெய்லி.டைமர்" கொடுத்தால் எடிட்டர் திறக்கும். அதில் இப்படி எழுதுங்கள்:

[டைமர்]
ஆன்கேலண்டர்=
ஆன்கேலண்டர்=*-*-* 10:00
ரேண்டமைஸ்ட்டிலேசெக்=2எச்
ஃபிக்ஸ்ட்ரேண்டம்டிலே=ட்ரூ

(பதிப்பு 247-க்குக் கீழ் என்றால் கடைசி வரியை விட்டுவிடுங்கள்.)

முதலில் வெறுமையாக ஓர் ஆன்கேலண்டர் வரி ஏன்? அந்த வரி சேர்ந்துகொண்டே போகிற வகை. வெறும் வரி போடாவிட்டால் பழைய 6, 18 மணியும் இருக்கும், உங்கள் 10 மணியும் சேரும், மூன்று வேளை ஓடும். "நான் மாத்தினேன், ஆனா பழைய நேரத்துக்கும் ஓடுதுண்ணா" என்று வருகிறவர்கள் அத்தனை பேரும் இந்த வெறும் வரியைப் போடாதவர்கள்தான். தாமத வரிக்கு இந்தத் தொல்லை இல்லை, கடைசியாக எழுதியதே நிற்கும்.

தாமதத்துக்கு அலகு போடுங்கள். வெறும் 30 என்று விட்டால் 30 நொடி. நிமிடத்துக்குச் சிறிய எம், பெரிய எம் என்றால் மாதம். மணிக்கு எச்.

எடிட்டர் திறக்கும்போது சில பதிப்புகளில் மேலே கொஞ்சம் இடம் விட்டு, கீழே பழைய ஃபைலைக் குறிப்பு வரிகளாகக் காட்டும். "இதற்குக் கீழே எழுதுவது போய்விடும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கும், அதற்கு மேலே எழுதுங்கள். கீழே எழுதிவிட்டுச் சேமித்தால் ஒன்றுமே பதியாது.

அடுத்து அதே மாதிரி ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமருக்கும் 13:00, 30எம் என்று எழுதுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிட்டால் ஆறாவது படியின் கூட்டல் வீண்.

8. ஓட்டிப் பாருங்கள்

"சிஸ்டம்சிடிஎல் கேட்" மறுபடியும் போட்டால் மூல ஃபைலும் அதன் கீழே உங்கள் ஓவர்ரைடும் சேர்ந்து வர வேண்டும். வரவில்லை என்றால் பதியவில்லை. அப்புறம் "சிஸ்டம்டி-அனலைஸ் கேலண்டர்" என்று அடித்து, மேற்கோள் குறிக்குள் நீங்கள் எழுதிய நேரத்தைக் கொடுங்கள், அடுத்து எப்போது வரும் என்று சொல்லும். இதில் ரேண்டம் தாமதம் சேராது, எழுதிய நேரம் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டதா என்று பார்க்க மட்டும்தான் இது.

எடிட் கமாண்ட் வழியாக எழுதினால் ரீலோட் தானாக நடக்கும். ஃபைலை வேறு மெஷினில் இருந்து காப்பி செய்து போட்டிருந்தால் "சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்" கொடுத்து டைமரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேலை நேரத்தில் ரீஸ்டார்ட் வேண்டாம். பெர்சிஸ்டெண்ட் என்ற வரி ட்ரூ ஆக இருப்பதால், டைமர் நின்றிருந்தபோது ஒரு வேளை தவறியிருந்தால் ரீஸ்டார்ட் ஆனதும் அதை ஈடுசெய்யப் பார்க்கும்.

இந்தப் பெர்சிஸ்டெண்ட் நம் ஊரில் அதிகம் விளையாடும். மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று காலையில் கரண்ட் போனால் சாயந்தரம்தான் வருகிறது. வந்தவுடன் மெஷின்கள் அத்தனையும் ஒன்றாக பூட் ஆகும், அத்தனையும் தவறிய வேளையை ஒன்றாக ஈடுசெய்யக் கிளம்பும். நல்ல வேளையாக அந்த ஈடுசெய்யும் ஓட்டத்துக்கும் ரேண்டம் தாமதம் உண்டு. தாமதத்தைப் பூஜ்யமாக்கியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது, பவர் வந்ததும் அரை மணி நேரம் நெட் செத்துவிடுவது அதனால்தான்.

சோதிக்க நாளை வரை காத்திருக்க வேண்டாம். "சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் ஆப்ட்-டெய்லி.சர்வீஸ்" கொடுத்தால் தாமதம் எதுவும் இல்லாமல் அந்த வேலை இப்போதே ஓடும். டைமரை ஸ்டார்ட் செய்தால் அது வெறுமனே அலாரம் வைப்பது மட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு டைமரை ஸ்டார்ட் செய்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. எது எது இன்ஸ்டால் ஆகும் என்று மட்டும் பார்க்க "சூடோ அன்அட்டெண்டட்-அப்கிரேட் --ட்ரை-ரன் --டீபக்" போதும்.

9. கிளோன் செய்த மெஷின்களுக்கு மட்டும்

ஒரு மெஷினில் எல்லாம் போட்டு, அந்த டிஸ்க்கை அப்படியே மற்ற இருபதுக்கும் காப்பி செய்வதுதான் சென்டர்களில் வழக்கம். அப்படிச் செய்தால் "/இடிசி/மெஷின்-ஐடி" ஃபைலும் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும். ஃபிக்ஸ்ட்ரேண்டம்டிலே அந்த ஐடியை வைத்துத்தான் தாமதம் எடுக்கிறது என்று சொன்னேன் இல்லையா, ஆகவே இருபது மெஷினும் ஒரே தாமதத்தை எடுத்து ஒரே நொடியில் கிளம்பும். பரவலாக்கப் போட்ட வரியே எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிடும்.

இரண்டு மெஷினில் "கேட் /இடிசி/மெஷின்-ஐடி" அடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் அந்த ஃபைலையும், "/வார்/லிப்/டிபஸ்/மெஷின்-ஐடி" இருந்தால் அதையும் நீக்கிவிட்டு "சூடோ சிஸ்டம்டி-மெஷின்-ஐடி-செட்டப்" ஓட்டி ரீபூட் செய்யுங்கள். இரண்டாவது ஃபைலை விட்டுவைத்தால் அதிலிருந்தே பழைய ஐடியை மறுபடி எடுத்துக்கொள்ளும், செய்த வேலை வீணாகும். ஒரே ஐடி இருப்பதால் சில மெஷின்களுக்கு ஒரே ஐபி முகவரி போய் மோதுகிற தொல்லையும் உண்டு, அதுவும் இதோடு தீரும். இனிமேல் இமேஜ் எடுக்கும் முன்பே அந்த ஐடி ஃபைலைக் காலியாக்கிவிடுங்கள், ஒவ்வொரு மெஷினும் முதல் பூட்டில் தனக்கென்று ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

10. லாக் (பூட்டு) கிடைக்கவில்லை என்று வந்தால்

நீங்கள் ஏதோ இன்ஸ்டால் செய்யப் போகும் அதே நேரத்தில் தானியங்கி வேலை ஓடினால், டிபிகேஜி லாக்-ஃப்ரண்டெண்ட் கிடைக்கவில்லை என்று பிழை வரும், எந்த ப்ராசஸ் அதைப் பிடித்திருக்கிறது என்று எண்ணும் காட்டும். அந்த லாக் ஃபைலை அழிக்கச் சொல்லும் அறிவுரை எங்கே போனாலும் கிடைக்கிறது. செய்யாதீர்கள். உள்ளே எழுதிக்கொண்டிருப்பவர் எழுதிக்கொண்டேதான் இருப்பார், நீங்களும் உள்ளே போய் எழுதினால் பேக்கேஜ் கணக்கே சிதைந்துவிடும். கில் -9 போடுவதும் கரண்ட் போவதும் ஒன்றுதான். காத்திருங்கள், முடிந்துவிடும்.

உங்கள் சொந்த ஸ்கிரிப்ட் ஆப்ட்-கெட் கூப்பிடுகிறது என்றால் "-ஓ டிபிகேஜி::லாக்::டைம்அவுட்=600" என்று சேர்த்துவிடுங்கள் (டி-யும் பி-யும் பெரிய எழுத்து), பத்து நிமிடம் வரை பொறுமையாக நிற்கும். புதிய கிளவுட் மெஷின் முதல் முறை பூட் ஆனதும் ஸ்கிரிப்ட் விழுவதற்குப் பெரும்பாலும் இந்த மோதல்தான் காரணம், இந்த ஒரு சேர்க்கையில் சரியாகிவிடும்.

11. ஃபெடோரா, ராக்கி, அப்புறம் கிரான்

ஃபெடோரா, ராக்கி, அல்மா மெஷின்களில் டிஎன்எஃப்-ஆட்டோமேட்டிக்.டைமர் (புதிய ஃபெடோராவில் டிஎன்எஃப்5-ஆட்டோமேட்டிக்.டைமர்). காலை 6 மணி, 60 நிமிடத் தாமதம். ஓவர்ரைடு எழுதுவது மேலே சொன்ன அதே முறைதான். ஆட்டோமேட்டிக்.கான்ஃப் ஃபைலில் ரேண்டம்_ஸ்லீப் என்று தனியாக ஒன்று இருந்தால் 0 ஆகவே விடுங்கள், அதிலும் எண் போட்டால் டைமரின் தாமதத்துக்கு மேல் இன்னொரு தாமதம் ஏறி உங்கள் கூட்டல் தப்பும். அப்ளை_அப்டேட்ஸ் சும்மா இருக்கும்போது "நோ"தான், இறக்கி மட்டும் வைக்கும், இன்ஸ்டால் செய்ய "எஸ்" ஆக்க வேண்டும்.

கிரானில் (குறித்த நேரத்தில் வேலை ஓட்டும் பழைய கருவி) சொந்தமாகத் தாமதம் போடுகிறவர்கள் வழக்கமாக ஸ்லீப்புக்குள் ரேண்டம் என்ற மாறியை 1800-ஆல் வகுத்த மீதி என்று எழுதுவார்கள். டெர்மினலில் அருமையாக ஓடும், கிரானில் ஓடாது. இரண்டு காரணம். கிரான்டேபில் சதவீதக் குறி வந்தால் வரி அங்கேயே முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினாலும், உபுண்டு, டெபியனில் கிரான் பயன்படுத்தும் ஷெல் டாஷ், அதற்கு ரேண்டம் என்ற மாறியே தெரியாது, பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும், எல்லா மெஷினும் ஒன்றாக ஓடும். "ஷஃப் -ஐ 0-1800 -என் 1" கொடுக்கும் எண்ணை ஸ்லீப்புக்குக் கொடுங்கள், இரண்டு தொல்லையும் இல்லை. முடிந்தால் அந்த வேலையையே டைமருக்கு மாற்றிவிடுவது நல்லது, கிரானில் நெக்ஸ்ட் பத்தி கிடையாது.

12. ஒரு வாரம் கவனியுங்கள்

"ஜர்னல்சிடிஎல் -யு ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.சர்வீஸ்" அடித்தால் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று நாள்வாரியாக வரும். முடிந்த நேரம் நீங்கள் பேப்பரில் போட்ட எல்லையைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். தாண்டினால் தாமதத்தைக் குறைக்காதீர்கள், தொடக்க நேரத்தை முன்னால் இழுங்கள். எது இன்ஸ்டால் ஆனது என்று பார்க்க "/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்".

லேப்டாப்களில் வேலை ஓடாமலேயே தவிர்க்கப்பட்டது என்று வந்தால், அந்த நேரத்தில் அது பேட்டரியில் இருந்திருக்கும். கண்டிஷன்ஏசிபவர் என்ற வரி சர்வீஸ் ஃபைலில் இருக்கிறது, சார்ஜர் செருகியிருந்தால்தான் ஓடும். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் அந்த வரியை எடுத்துவிடத் தோன்றும், எடுக்க வேண்டாம். பாதி இன்ஸ்டாலில் பேட்டரி தீர்ந்தால் ஆறாவது படியில் சொன்ன நிலைதான். சார்ஜர் செருகியிருக்கும் நேரமாகப் பார்த்து டைமரை நகர்த்துங்கள்.

எல்லாம் குழம்பிப்போய் முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்றால் "சூடோ சிஸ்டம்சிடிஎல் ரிவர்ட் ஆப்ட்-டெய்லி.டைமர்" கொடுங்கள், ஓவர்ரைடு நீங்கிப் பழைய 6, 18 மணிக்கே திரும்பிவிடும். அப்கிரேட் டைமருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆப்ட்.கான்ஃப்.டி ஃபோல்டரில் செய்த மாற்றங்கள் இதில் திரும்பாது, அவற்றைக் கையால்தான் மாற்ற வேண்டும்.